கோடை முகாம்: முதலில் ஜன்னலைப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இந்த 2022-ஆம் ஆண்டு பள்ளி விடுமுறையே ஒரு மாதம்தான். ஜூன் 13-ல் மறுபடி பள்ளி திறக்கிறது. அதற்குள் கேரம், சிலம்பம், செஸ், ஓவியம் என்று பழைய வண்ணாரப்பேட்டையிலிருந்து திருவொற்றியூர் வரை கோடை முகாம்களுக்கு ஆள் சேர்க்கிறார்கள். பெற்றோர் இரண்டு பக்கமாகப் பிரிந்து நிற்கிறோம். கொரோனாவுக்காக இரண்டு வருடம் அடைத்து வைத்ததில் பிள்ளைகள் ஓடக்கூட மறந்துவிட்டார்கள், அனுப்பித்தான் ஆக வேண்டும் என்பது ஒரு பக்கம். 12 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு இன்னும் தடுப்பூசியே வரவில்லை, வீட்டில் வயதானவர்கள் இருக்கிறார்கள், எந்த தைரியத்தில் அனுப்புவது என்பது இன்னொரு பக்கம். 2020 மே, ஜூன் மாதங்களில் சென்னையிலேயே அதிகம் பேருக்குத் தொற்று வந்த மண்டலம் ராயபுரம். அதைப் பார்த்தவர்கள் பயப்படுவதைக் குறை சொல்ல முடியாது.

ஆனால் பத்துக்குப் பன்னிரண்டு அடி வீட்டில் ஐந்து பேர் இருக்கும் இடத்தில், வீட்டிலேயே வைத்துக்கொண்டால் பாதுகாப்பு என்று சொல்ல முடியாது. குடியிருப்பு வாரியப் படிக்கட்டிலும் தண்ணீர் லாரியைச் சுற்றியும் பிள்ளைகள் கூடத்தான் செய்கிறார்கள். ஆகவே எந்த முகாம், எந்த அறை, எந்த நேரம் என்று பார்த்து முடிவெடுப்பதே சரி என்பது எங்கள் கருத்து.

இதற்கு நல்ல பாடம் அமெரிக்காவில் இருக்கிறது. 2020 ஜூனில் ஜார்ஜியா மாநிலத்தில் தங்கிப் பங்கேற்கும் முகாம் ஒன்று நடந்தது. வந்த எல்லோரும் 12 நாளுக்குள் எடுத்த நெகட்டிவ் சான்றோடுதான் வந்தார்கள். அடிக்கடி துடைத்தார்கள், குழுக்களாகப் பிரித்தார்கள், பணியாளர்கள் முகக்கவசம் போட்டார்கள். பிள்ளைகளுக்கு மட்டும் முகக்கவசம் கட்டாயமில்லை. கட்டடத்தின் கதவு ஜன்னல்களைத் திறந்து வைக்கவில்லை. தினமும் பாட்டும் கோஷமும் உண்டு. ஜூன் 21-ல் பிள்ளைகள் வந்தார்கள். 23-ஆம் தேதி இளம் பணியாளர் ஒருவர் குளிர் நடுக்கத்தோடு வீடு திரும்பினார். 27-ஆம் தேதி முகாமையே மூடிவிட்டார்கள். 597 பேரில் 344 பேருடைய பரிசோதனை முடிவு கிடைத்தது. அதில் 260 பேருக்குத் தொற்று. முகாமில் இருந்த 6 முதல் 10 வயதுப் பிள்ளைகளில் பாதிக்குப் பாதி.

அதே கோடையில் மெய்ன் மாநிலத்தில் நான்கு முகாம்களில் 1,022 பேர் கலந்துகொண்டார்கள். வருவதற்கு முன் 10 முதல் 14 நாள் வீட்டில் தனித்திருந்தார்கள். வருமுன் ஒரு பரிசோதனை, வந்த பிறகு இன்னொன்று. சிறு குழுக்கள், முகக்கவசம். மொத்தமே மூன்று பேருக்குத்தான் தொற்று. அவர்களிடமிருந்து வேறு யாருக்கும் பரவவில்லை. இரண்டு விவரங்களையும் அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையமே வெளியிட்டது. ஓமிக்ரான் வகைக் கொரோனா வருவதற்கு முந்தைய கணக்குதான். ஆனாலும் பரவும் வழி மாறவில்லை. மூச்சுக் காற்று எங்கே தேங்குகிறதோ அங்கே பரவுகிறது.

நம் ஊர் முகாம்களில் வாசலில் நடப்பது என்ன? நெற்றியில் தெர்மல் ஸ்கேனர், கையில் சானிடைசர். இரண்டும் இருந்தால் பெற்றோருக்கு நிம்மதி வந்துவிடுகிறது. கத்திரி வெயிலில் நடந்து வந்த பிள்ளையின் நெற்றி சூடாகத்தான் இருக்கும். வியர்த்திருந்தால் அளவு குறைத்தே காட்டும். நிழலில் பத்து நிமிடம் உட்கார வைத்து, வியர்வையைத் துடைத்து, கருவியில் சொன்ன தூரத்தில் பிடித்தால்தான் அந்த எண்ணுக்கு அர்த்தம் உண்டு. அப்போதும் காய்ச்சல் இல்லாமலே தொற்றைச் சுமக்கும் பிள்ளையை அது காட்டாது. கூடம் முழுக்க மருந்து அடிக்கச் செலவழிப்பதும் அப்படியே. கை படும் இடத்தைச் சோப்புத் தண்ணீரில் துடைத்தால் போதும். கழிவறையில் பிளீச்சிங் பவுடரையும் ஆசிடையும் ஒன்றாக ஊற்றும் பழக்கம் நிறைய இடத்தில் இருக்கிறது. அதிலிருந்து குளோரின் வாயு கிளம்பும். தயவுசெய்து அதை உடனே நிறுத்துங்கள்.

அந்தப் பணத்தைக் காற்றுக்குச் செலவழிக்க வேண்டும். பெரும்பாலான கூடங்களில் இருப்பது ஸ்பிளிட் ஏசி. அது அறைக்குள் இருக்கும் காற்றையே இழுத்துக் குளிரவைத்துத் திருப்பி விடுகிறது. வெளிக் காற்று ஒரு துளியும் உள்ளே வராது. ஏசி போட்டிருக்கிறோம், நல்ல காற்றோட்டம் என்று நிர்வாகிகள் சொல்லும்போது நம்பிவிடாதீர்கள். சீலிங் ஃபேனும் கலக்குமே தவிர வெளியேற்றாது.

சோதித்துப் பார்க்க ஓர் ஊதுவத்தி போதும். பிள்ளைகள் இல்லாத நேரத்தில் கூடத்தின் நடுவில் தரையிலிருந்து மூன்றடி உயரத்தில் பிடியுங்கள். காற்று வரவும் போகவும் வழி இருந்தால் புகை ஒரு பக்கமாகச் சாய்ந்து ஜன்னலை நோக்கிப் போகும். வழி இல்லையென்றால் மேலே ஏறி, கூடத்துக்குள்ளேயே பரவிச் சுற்றிக்கொண்டிருக்கும். ஐந்து நிமிடத்தில் கூடம் முழுக்க மணக்கும். கூடத்தில் ஒரு பிள்ளை விடும் மூச்சும் அப்படித்தான் சுற்றும். ஜன்னல் திறந்திருந்தும் புகை போகவில்லை என்றால் ஜன்னலிலேயே கோளாறு இருக்கும். கொசுவலையில் தூசி அடைத்திருக்கும், அல்லது எல்லா ஜன்னலும் ஒரே சுவரில் இருக்கும். வலையைக் கழற்றிக் கழுவி மாட்டுங்கள். எதிர்ச் சுவரில் ஒரு கதவையாவது திறந்து வையுங்கள்.

இன்னும் துல்லியமாக வேண்டுமென்றால் கார்பன் டை ஆக்சைடு மீட்டர் வாங்கலாம். நாம் விடும் மூச்சில் வரும் வாயு அது, அளவு ஏறினால் மூச்சுக் காற்று தேங்குகிறது என்று அர்த்தம். வெளியே 420 பிபிஎம் (பத்து லட்சம் பங்கு காற்றில் 420 பங்கு) அளவில் இருக்கும். உள்ளே பிள்ளைகள் உட்கார்ந்து அரை மணி கழித்து 800-க்குள் இருந்தால் நல்லது. 1,000-ஐத் தாண்டினால் ஆளைக் குறைக்க வேண்டும், அல்லது எழுப்பி வெளியே அனுப்ப வேண்டும். அகச்சிவப்பு ஒளியால் அந்த வாயுவையே அளக்கும் என்டிஐஆர் வகை சென்சார் உள்ளதாக வாங்குங்கள். மலிவானவற்றில் சில, வேறு வாயுவை அளந்து கணக்குப் போட்டுக் காட்டுபவை.

எக்ஸாஸ்ட் ஃபேன் கணக்கு எளிதுதான். 30 அடி நீளம், 20 அடி அகலம், 10 அடி உயரக் கூடத்தில் 6,000 கன அடி காற்று, அதாவது சுமார் 170 கன மீட்டர். மணிக்கு ஆறு முறை மாற வேண்டுமென்றால் 1,020 கன மீட்டர் வெளியேற வேண்டும். ஃபேன் பெட்டியிலேயே மணிக்கு எவ்வளவு தள்ளும் என்று அச்சிட்டிருப்பார்கள். ஷட்டர், வலை, தூசி எல்லாம் சேர்ந்து அதைக் குறைத்துவிடுவதால், கணக்குப்படி ஒன்று போதுமென்றாலும் இரண்டு மாட்டுங்கள். எந்தச் சுவரில் என்பதும் முக்கியம். மே மாதத்தில் நம் பகுதியில் காலையில் மேற்குக் காற்று, நண்பகலை ஒட்டிக் கிழக்கே கடலிலிருந்து காற்று. பகல் வகுப்பென்றால் ஃபேன் மேற்குச் சுவரில் இருக்கட்டும், கிழக்கு ஜன்னல் திறந்திருக்கட்டும். கடற்காற்றை எதிர்த்துத் தள்ளும் ஃபேன் வெறுமனே சத்தம்தான் போடும். ஃபேன் மாட்ட இடமே இல்லையா? ஒரு ஸ்டாண்ட் ஃபேனை மேற்கு வாசலில் வெளிப்பக்கம் பார்க்கத் திருப்பி வையுங்கள்.

மணலி, எர்ணாவூர், எண்ணூர்க்காரர்கள் கேட்பது நியாயமான கேள்வி: ஜன்னலைத் திறந்தால் கேஸ் வாடையும் சாம்பல் தூசியும் வருகிறதே, என்ன செய்வது? ஹெப்பா எனப்படும் மிக நுண்ணிய வடிகட்டி உள்ள ஏர் பியூரிஃபையர் கிருமியையும் தூசியையும் பிடிக்கும், வாடையைப் பிடிக்காது. அதற்குக் கார்பன் வடிகட்டி தனியாக வேண்டும். மேலே சொன்ன கூடத்துக் காற்று மணிக்கு ஐந்து முறை சுத்தமாக, 850 கன மீட்டராவது சுத்தம் செய்யும் திறன் தேவை. வீட்டு உபயோகக் கருவி 300 என்றால் மூன்று வாங்க வேண்டும். அவ்வளவு செலவு செய்ய முடியாத முகாம்கள், வாடை அடிக்கும் நாளில் பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்பிவிடுவதுதான் நேர்மை.

இதற்கெல்லாம் மேலான வழி வெளியில் நடத்துவது. காலை 6.30-க்குத் தொடங்கி 9.30-க்குள் முடியுங்கள். வெயிலும் ஏறாது, சாப்பாட்டு வேளையும் வராது. முகக்கவசம் கழற்றி, வட்டமாக உட்கார்ந்து, பேசிக்கொண்டே சாப்பிடும் அரை மணி நேரத்தில்தான் காலையில் எடுத்த கவனம் எல்லாம் வீணாகிறது. சிலம்பமும் கால்பந்தும் மைதானத்து விளையாட்டுகள், பிரச்சினை இல்லை. கேரம்தான் கஷ்டம். ஆடும் பரப்பே 29 அங்குலம். நாலு பேர் குனிந்தால் நாலு முகமும் ஒன்றுக்கொன்று இரண்டு மூன்று அடிக்குள். இந்த ஒரு மாதத்துக்கு எதிரெதிரே இருவர் ஆட்டம் மட்டும் போதும், போர்டை வராந்தாவுக்குக் கொண்டுவந்துவிடுங்கள். ஜூலையில் மாமல்லபுரத்தில் செஸ் ஒலிம்பியாட் போட்டி வரப்போவதால் செஸ் மேல் பிள்ளைகளுக்கு ஆசை வந்திருக்கிறது, சந்தோஷம். அதை மூடிய ஏசி அறையில்தான் சொல்லித்தர வேண்டும் என்றில்லை, மரத்தடியிலும் ஆடலாம். மாநகராட்சிப் பள்ளி மைதானங்களை விடுமுறையில் காலை மூன்று மணி நேரம் இப்படிப்பட்ட முகாம்களுக்குத் திறந்துவிட்டால் பாதிக் கவலை தீரும். மாநகராட்சி இதைச் செய்ய வேண்டும் என்று உங்கள் பத்திரிகை மூலம் கேட்டுக்கொள்கிறோம்.

முகக்கவசத்தில் வயது பார்க்க வேண்டும். ஐந்து வயது வரை வேண்டாம் என்றும், 6 முதல் 11 வரை பெரியவர் கண்பார்வையில், பிள்ளையால் முடிந்தால் போடலாம் என்றும், 12-க்கு மேல் பெரியவர்களைப் போலவே என்றும் மத்திய சுகாதார அமைச்சகம் 2022 ஜனவரியில் சொன்னது. ஓடும்போது போட வைக்காதீர்கள். வியர்வையில் நனைந்தால் மூச்சு முட்டும். பையில் மூன்று கொடுத்தனுப்புங்கள், நனைந்ததைப் போட ஒரு தனிப் பையும். 12 முதல் 14 வயதினருக்கு 2022 மார்ச் 16-லிருந்து கோர்பேவாக்ஸ் தடுப்பூசி போடத் தொடங்கினார்கள். இரண்டு தவணைக்கும் இடையே 28 நாள் வேண்டும் என்பதால், இரண்டாவது பாக்கி இருந்தால் தள்ளிப்போடாதீர்கள். மாஸ்டர்களைப் பற்றியும் கேளுங்கள். ஒரே மாஸ்டர் காலையில் கொருக்குப்பேட்டை, பிறகு வியாசர்பாடி, மாலையில் பெரம்பூர் என்று சுற்றுவது சகஜம். மூன்று முகாமுக்கும் இணைப்பு அவர்தான். அவர் தடுப்பூசி முடித்திருக்க வேண்டும். வாரம் இரண்டு முறை, வீட்டிலேயே செய்யும் கொரோனா பரிசோதனைக் கிட்டில் பரிசோதித்துக்கொள்ள வேண்டும், அதன் செலவை முகாம் ஏற்க வேண்டும். கிட்டுகளில் பெரும்பாலானவற்றை 30 டிகிரிக்கு மேல் வைக்கக்கூடாது என்று பெட்டியிலேயே இருக்கும். தகரக் கூரை அறையில் வைத்த கிட்டின் முடிவை நம்ப முடியாது.

வேனை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. பன்னிரண்டு பேர் வேனில் பதினெட்டுப் பிள்ளைகளை ஏற்றி, ஏசிக்காகக் கண்ணாடியை ஏற்றிவிட்டு, எண்ணூர் நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே முக்கால் மணி நேரம் நின்றால், கூடத்தில் ஜன்னல் திறந்ததற்குப் பலன் இல்லாமல் போகும். முன்பக்கம் ஒன்றும் பின்பக்கம் எதிர்ப்புறம் ஒன்றுமாக இரண்டு கண்ணாடியாவது நாலு விரல் இறங்கியிருக்க வேண்டும்.

முகாமில் பிள்ளைக்கு உடம்பு சுட்டால் ஆபீஸ் அறையில் படுக்க வைக்காதீர்கள். நிழலில் வெளியே நாற்காலி போட்டு, என்95 முகக்கவசம் போட்ட பெரியவர் ஒருவர் கூட இருந்து, வீட்டுக்கு போன் செய்ய வேண்டும். அந்தக் குழுவிலுள்ள பத்துப் பன்னிரண்டு பெற்றோருக்கு அன்றிரவே, பிள்ளையின் பெயர் சொல்லாமல், தகவல் போக வேண்டும். தொற்று உறுதியானால் குறைந்தது ஏழு நாள், கடைசி மூன்று நாள் காய்ச்சல் இல்லாமல் இருந்தால்தான் திரும்ப வரலாம்.

அம்மை போட்டால் வாசலில் வேப்பிலை செருகி அக்கம்பக்கத்துக்குச் சொல்லிவிடுவது நம் வழக்கம். அதில் யாருக்கும் வெட்கம் இருந்ததில்லை. கொரோனாவில் தெருவைத் தகரம் வைத்து அடைத்த நாளிலிருந்து மறைக்கப் பழகிவிட்டோம். போதாததற்கு, கட்டிய பணம் திரும்ப வராது என்கிறார்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். காசிமேட்டு வீடுகளில் வருமானமே இல்லாத இந்த நேரத்தில் கடன் வாங்கிக் கட்டிய 3,000 ரூபாயை யார் விடுவார்கள்? பாராசிட்டமால் கொடுத்து, காய்ச்சல் இறங்கியதும் அனுப்பிவிடுவார்கள். வாசல் ஸ்கேனரில் அந்தப் பிள்ளை தப்பிவிடும். 20 நாளுக்கு 3,000 என்றால் ஒரு நாளைக்கு 150. உடம்பு சரியில்லாமல் வராத ஏழு நாளுக்கு 1,050 ரூபாய். அந்தப் பணத்தைத் திருப்பித் தருவோம் என்று சேர்க்கைப் படிவத்திலேயே ஒரு வரி அச்சிடும் முகாமுக்கு, மற்றதையெல்லாம் பார்த்துவிட்டு, நாங்கள் எங்கள் பிள்ளைகளை அனுப்பத் தயாராக இருக்கிறோம்.

இப்படிக்கு,
பெற்றோர், உடற்கல்வி ஆசிரியர்கள், ஓய்வுபெற்ற செவிலியர் சிலர்,
தண்டையார்பேட்டை, சென்னை
மே 2022