வெள்ளிமேல் வெள்ளி கூட சமமாகப் படியாது

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உங்கள் மாணவர் பக்கத்தில் மெல்லிய உலோகப் படலங்களைப் பற்றி வந்த கட்டுரையைக் கொழிஞ்சாம்பாறையில் எங்கள் தமிழ் மீடியம் பிளஸ் டூ பிள்ளைகளோடு உட்கார்ந்து வாசித்தோம். இதைத் தமிழில் போட்டதே பெரிய காரியம். ஆனால் உலோக ஆவியை எந்தப் படிகத்தின்மேல் விட்டாலும் அடுக்கடுக்காக ஒரே சீராகப் படியும் என்று எழுதியிருந்தது தவறு, அதைத் திருத்திப் போட வேண்டும் என்று கேட்கத்தான் எழுதுகிறேன்.

படிகத்தில் வந்து இறங்கும் அணு இறங்கிய இடத்திலேயே நிற்பதில்லை. பரப்பின் சூட்டைப் பொறுத்து அங்குமிங்கும் அலைந்து, இன்னொரு அணுவையோ பரப்பில் ஓர் அணு உயரத்துக்கு இருக்கும் படிக்கட்டு போன்ற மேட்டின் விளிம்பையோ கண்டால் ஒட்டிக்கொள்ளும். அடியில் இருக்கும் படிகத்தைவிடத் தன் இனத்தோடுதான் பிடிப்பு அதிகம் என்றால், நம் ஊர்ச் சேம்பிலையில் தண்ணீர் திரள்வதுபோலத் தீவு தீவாக நிற்கும். அடியோடு பிடிப்பு பலமாக இருந்து அணு இடைவெளியும் ஒத்துப்போனால் அடுக்கடுக்காக வளரும். இன்னொரு வகையில் முதல் சில அடுக்குகள் ஒழுங்காகப் படிந்து, இடைவெளி ஒவ்வாத இறுக்கம் ஏற ஏற, அப்புறம் தீவுகள் எழும்பிவிடும். இந்த மூன்றையும் இயற்பியலாளர் எர்ன்ஸ்ட் பவர் 1958-லேயே வகைப்படுத்திவிட்டார்.

அப்படியானால் வெள்ளிமேல் வெள்ளியே படிந்தால் சமமாகத்தானே வர வேண்டும் என்று ஒரு பிள்ளை கேட்டாள். அருமையான கேள்வி, கட்டுரையில் இருந்திருக்க வேண்டிய கேள்வியும் கூட. வெள்ளிப் படிகத்தில் அணுக்கள் மிக நெருக்கமாக அடுக்கியிருக்கும், (111) என்று குறிக்கப்படும் முகத்தில் சாதாரண அறை வெப்பத்தில் வெள்ளியைப் படியவிட்டால் மேடு மேடாகத்தான் வளர்கிறது. தீவின் உச்சியில் விழுந்த அணு கீழே இறங்க வேண்டுமானால் விளிம்பைத் தாண்டும்போது பக்கத்து அணுக்களின் பிடி குறைந்துவிடுகிறது, அதற்குக் கூடுதல் ஆற்றல் வேண்டும். அது கிடைக்காததால் மேலேயே தங்கி, அங்கேயே புதிய அடுக்கைத் தொடங்கிவிடுகிறது. எர்லிக், ஷ்வோபெல் என்ற ஆய்வாளர்களின் பெயரில் 1966 முதல் அறியப்படும் தடை இதுதான்.

இதெல்லாம் ஆய்வகத்துக்குள் மட்டும் நடக்கிற விஷயமும் இல்லை. இரும்புக்கு நடுவே ஒரு நானோமீட்டர் அளவுக் குரோமியத்தைச் சீராக வளர்க்க முடிந்ததால்தான் 1988-இல், காந்தப்புலத்தால் மின்தடை பெருமளவு மாறும் ராட்சதக் காந்தத்தடை விளைவு பிடிபட்டது. ஃபெர்ட்டுக்கும் க்ரூன்பெர்க்குக்கும் 2007 நோபல் பரிசு அதற்குத்தான், கணினி ஹார்ட் டிஸ்க்கின் கொள்ளளவு வேகமாகப் பெருகியதற்கும் அது முக்கியக் காரணம்.

திருத்தம் போடும்போது மூன்று வகைக்கும் படம் வரைந்து, அந்தப் பிள்ளையின் கேள்வியையும் சேர்த்துப் போடுங்கள். இங்கே பக்கத்தை வெட்டி வகுப்பில் ஒட்டிவைப்போம்.

இயற்பியல் ஆசிரியர்,
கொழிஞ்சாம்பாறை, பாலக்காடு மாவட்டம்