பாம்பன் தூக்குப்பாலத்தை எடைக்குப் போட்டுவிட வேண்டாம்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். பாம்பன் புதிய ரயில் பாலம் பற்றித் தங்கள் இதழில் வெளியான கட்டுரையைப் படித்தேன். 2025 ஏப்ரல் 6-ஆம் தேதி அது திறக்கப்பட்டதில் எங்கள் ஊருக்கு மகிழ்ச்சிதான். 2022 டிசம்பரில் பழைய பாலத்தில் ரயிலை நிறுத்திய பிறகு, மண்டபத்தில் இறங்கி மூட்டை முடிச்சுகளோடு பஸ் பிடித்த யாத்ரீகர்கள் பட்ட பாட்டைத் தினமும் பார்த்தவர்கள் நாங்கள். ஆனால் பக்கத்திலேயே நிற்கும் பழைய பாலத்தைக் கட்டுரை ஒற்றை வரியில் கடந்துவிட்டது. அதைக் கழற்றி அகற்றப் போவதாகப் பேச்சு அடிபடும் நேரத்தில் அந்த ஒற்றை வரி போதாது.

1914 பிப்ரவரி 24-இல் திறந்த பாலம் அது. இந்தியாவின் முதல் கடல் பாலம். 2 கிலோமீட்டருக்கு மேல் நீளம், தூண்களுக்கு நடுவே 145 கண்கள். அதற்கு முன்பு கொழும்பு போகிறவர்கள் தூத்துக்குடிக்குப் போய்க் கப்பல் ஏற வேண்டும். பாலம் வந்ததும் போட் மெயில் ரயில் எழும்பூரிலிருந்து நேராகத் தனுஷ்கோடிக்கு வந்தது. அங்கே கப்பலில் தலைமன்னார், மறுபடி ரயிலில் கொழும்பு. இலங்கை மலையகத் தேயிலைத் தோட்டங்களுக்குப் பிழைக்கப் போன நம் சனங்களும் இதே பாலத்தைக் கடந்துதான் போனார்கள். பின்னாளில் இந்தியாவும் இலங்கையும் செய்துகொண்ட ஒப்பந்தப்படி திருப்பி அனுப்பப்பட்டபோது அவர்களின் பிள்ளைகள் ராமேசுவரத்தில் கரையிறங்கி, இதே பாலத்தின் வழியாகத்தான் ஊர்களுக்குப் பிரிந்து போனார்கள்.

ஒரு விஷயத்தைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். 1964 டிசம்பர் புயலில் பாலத்திலிருந்து ரயில் கடலில் விழுந்ததாகவே வெளியூரில் பலர் நம்புகிறார்கள். அப்படியல்ல. தனுஷ்கோடியை நெருங்கிக்கொண்டிருந்த பாசஞ்சர் ரயிலைத்தான் அலை அடித்துக்கொண்டு போனது. நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்து போனார்கள். பாலத்தில் தண்டவாளத்தைத் தாங்கும் இரும்பு உத்தரங்களான கர்டர்கள் 126 பிய்ந்து கடலில் விழுந்தன. படகுகளுக்கு வழிவிட மேலே தூக்கித் திறக்கும் நடுப்பகுதியான தூக்குப்பாலம் மட்டும் அசையவில்லை. விழுந்த கர்டர்களைக் கடலுக்கடியில் தேடி எடுத்து, ஸ்ரீதரன் தலைமையில் 46 நாளில் மறுபடி ரயில் ஓட வைத்தார்கள். பின்னாளில் கொங்கண் ரயில்வேயையும் டெல்லி மெட்ரோவையும் கட்டிய அதே ஸ்ரீதரன்தான். அப்போது அவர் இளம் பொறியாளர்.

நான் பாம்பனுக்கு மருமகளாக வந்த காலத்தில் ரோடு பாலம் கிடையாது. அது 1988-இல்தான் திறந்தது. கட்டில், பாத்திரம், குத்துவிளக்கு என்று சீர் சாமான்கள் முழுக்க ரயிலில்தான் வந்தன. மண்டபம் தாண்டிப் பாலத்தில் ஏறியதும் வண்டி ஊர்ந்து போகும், சக்கரச் சத்தமே மாறிவிடும். பக்கவாட்டில் கைப்பிடிச் சுவர் எதுவும் கிடையாது. ஜன்னலில் எட்டிப் பார்த்தால் தண்டவாளமும் தெரியாது, தூணும் தெரியாது. நேர் கீழே பச்சைத் தண்ணீர். அலை பெரிதாக இருந்தால் சாரல் மடியில் விழும். பயத்தில் பக்கத்தில் இருப்பவர் கையைப் பிடிக்காமல் யாராலும் இருக்க முடியாது. புதுப் பெண்ணுக்கும் மாப்பிள்ளைக்கும் நடுவிலிருந்த கூச்சத்தை இந்தப் பாலம் போக்கிவைத்த கதை எங்கள் தலைமுறையில் வீட்டுக்கு வீடு உண்டு. இப்போதும் ராமேசுவரம் வருகிற புது ஜோடிகள் சாயங்காலம் ரோடு பாலத்தில் இறங்கி, பழைய பாலத்தைப் பின்னால் வைத்துத்தான் போட்டோ எடுக்கிறார்கள்.

தூக்குப்பாலத்தைத் தூக்கியதைப் பார்த்தவர்களுக்கு அதன் அருமை தெரியும். மோட்டார் கிடையாது. இரண்டு பக்கமும் ஊழியர்கள் நின்று நெம்புகோலைச் சுற்றச் சுற்ற, தண்டவாளத்தோடு சேர்ந்து பாலம் நடுவில் பிளந்து இரண்டு கைகளாக மெல்ல எழும்பும். வடகடலில் காத்துக் கிடந்த படகுகள் ஒவ்வொன்றாகத் தென்கடலுக்குப் போகும். ரோடு பாலத்தில் பஸ்ஸை ஓரம் கட்டிவிட்டு டிரைவரும் சேர்ந்து வேடிக்கை பார்ப்பார். காற்று மணிக்கு 58 கிலோமீட்டரைத் தாண்டினால் சிக்னல் தானாகவே சிவப்பாகிவிடும். காற்று அடங்கும்வரை ரயில் நகராது. இவ்வளவு கவனமாக நூறு வருடத்துக்கு மேல் ஓட்டிய பாலம் அது.

உப்புக்காற்று இரும்பைத் தின்றுவிட்டது என்பதை நான் மறுக்கவில்லை. இங்கே ஜன்னல் கம்பிக்கே வருடா வருடம் பெயின்ட் அடிக்க வேண்டியிருக்கிறது. கடலுக்குள் நிற்கும் அத்தனை தூண்களையும் காப்பாற்றச் சொல்வது நடக்காத காரியம். படகுப் போக்குவரத்துக்கு இடைஞ்சலான பகுதியை எடுக்கத்தான் வேண்டும். ஆனால் தூக்குப்பாலத்தின் அந்த இரண்டு கைகளையும், சுற்றிய நெம்புகோல்களோடும் பல்சக்கரங்களோடும், பாம்பன் கரையிலோ மண்டபம் கரையிலோ நிறுத்தி வைக்கலாம். பள்ளிப் பிள்ளைகள் தொட்டுப் பார்த்து, எடையும் எதிர் எடையும் எப்படி வேலை செய்தன என்று தெரிந்துகொள்ளட்டும். புயலில் போன பயணிகளுக்காகவும், பாலத்தைப் பராமரித்த ஊழியர்களுக்காகவும் பக்கத்தில் ஒரு கல்வெட்டு வைக்கட்டும். மரக்கலம் கட்டுகிறவர்களும் வெல்டிங் தெரிந்தவர்களும் எங்கள் ஊரிலேயே நிறைய இருக்கிறார்கள். பராமரிப்பில் அவர்களையும் சேர்த்துக்கொள்ளலாம்.

ரயில்வே துறையும் மாநிலத் தொல்லியல் துறையும் மாவட்ட நிர்வாகமும் இது குறித்துச் சேர்ந்து உட்கார்ந்து பேச வேண்டும். கழற்றும் வேலை தொடங்கும் முன்பே பேச வேண்டும். தங்கள் இதழ் இதைப் பற்றி ஒரு தலையங்கம் எழுதினால் எங்கள் குரல் உரியவர்களின் காதில் விழும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியை,
பாம்பன், ராமநாதபுரம் மாவட்டம்.