மாருதி 800க்கும் மரியாதை வேண்டும்

ஆசிரியருக்கு,

பழைய கார் வைத்திருப்போரின் நினைவுகளை ஞாயிறு இதழில் படித்தேன். ஸ்டாண்டர்டு ஹெரால்டுக்கு இரண்டே வரிகள் ஒதுக்கியதை மனம் ஏற்கவில்லை. 1961 முதல் சென்னையில் உருவான கார் அது. தூக்கினால் மட்கார்டுகளோடு சேர்ந்து பானெட் முழுவதுமே முன்பக்கம் சாய்ந்துவிடும். என் அப்பா முன் டயர் மீது உட்கார்ந்தபடியே எஞ்சினைப் பழுது பார்ப்பார். அந்த வசதியை வேறெந்தக் காரிலும் நான் கண்டதில்லை. ஹெரால்டின் நான்கு கதவு மார்க் 3 மாடல் இந்தியாவுக்கென்றே செய்யப்பட்டது.

இன்னொரு கவலையும் உண்டு. 2021இல் வந்த மத்திய அரசு விதிப்படி, முதல் பதிவிலிருந்து 50 ஆண்டுகள் கடந்த, பெரிய மாற்றம் செய்யப்படாத வாகனங்களுக்கே விண்டேஜ் (பழம்பெரும்) வாகனங்களுக்கான 'விஏ' வரிசைப் பதிவு எண் கிடைக்கும். 1983 டிசம்பரில் விற்பனைக்கு வந்த மாருதி 800 இதற்காக 2033 வரை காத்திருக்க வேண்டும். எத்தனையோ நடுத்தரக் குடும்பங்களின் முதல் கார் அது. இன்று பழைய இரும்பு விலைக்குப் போகிறது. 30 ஆண்டுகள் கடந்த கார்களுக்கும் தனிப் பதிவு தர அரசு முன்வர வேண்டும். அதுவரை, வைத்திருப்பவர்கள் தயவுசெய்து அவற்றை உடைக்கக் கொடுக்காதீர்கள்.

– வாசகர், பெருங்களத்தூர்