தாத்தாவுக்கு, தோக்கியோவிலிருந்து

நிஷிகசாய், தோக்கியோ
பிப்ரவரி 9

அன்புள்ள தாத்தாவுக்கு,

நான் நலம். உங்கள் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? இங்கே குளிர் இன்னும் விடவில்லை. காலையில் குழாய்த் தண்ணீரைத் தொட்டால் விரல் மரத்துப் போகிறது. சாப்பாட்டுக்குக் குறையில்லை. இந்தப் பக்கம் இந்தியர்கள் நிறைய இருப்பதால் உளுந்தும் புளியும் நடந்துபோகிற தூரத்தில் கிடைக்கின்றன. மற்றதெல்லாம் அம்மாவிடம் போனில் சொல்லிவிட்டேன். இது உங்களுக்கென்று எழுதுவது. அம்மாவைப் படித்துக்காட்டச் சொல்லுங்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை ரயில் மாறி உவேனோவுக்குப் போய் தேசிய அருங்காட்சியகம் பார்த்தேன். மரப்பலகையில் செதுக்கி அச்சடித்த பழைய படங்களுக்கென்று மாடியில் ஓர் அறை இருக்கிறது. வெளிச்சம் பட்டால் சாயம் வெளுத்துவிடும் என்று விளக்கை மங்கலாகவே வைத்திருக்கிறார்கள். பாதிப் படங்கள் கபுகி நடிகர்களுடையவை. கபுகி இவர்களுடைய கூத்து என்று வைத்துக்கொள்ளுங்கள். 1629இல் பெண்கள் மேடையேறக் கூடாது என்று அரசு தடை போட்டது. அதிலிருந்து பெண் வேஷமும் ஆண்கள்தான் கட்டுகிறார்கள். அவர்களுக்கு ஒன்னகத்தா என்று பெயர். முன்நெற்றியை மழித்துவிட வேண்டும் என்று பிறகு இன்னொரு கட்டளை வந்ததாம். மழித்த இடத்தை ஊதாத் துணி போட்டு மறைத்துக்கொண்டு ஆடினார்கள்.

என்னை நிறுத்திவைத்தது செகவா தோமிசாபுரோ என்ற ஒன்னகத்தாவின் படம். 1794இல் ஷராகு என்ற ஓவியர் வரைந்தது. மார்பளவு உருவம், பின்னால் கருஞ்சாம்பல் நிறத்தில் மினுமினுப்பு. காக்காப்பொன்னைப் பொடித்துப் பூசியிருக்கிறார்கள், தாத்தா! ஓவியர் வரைந்து கொடுக்க, ஒருவர் செர்ரி மரத்தில் செதுக்க, இன்னொருவர் நிறத்துக்கு ஒரு பலகையாக வைத்து அச்செடுக்க, செலவையெல்லாம் பதிப்பாளர் பார்த்துக்கொள்வாராம். நம் கூத்துச் செட்டுக்கு உள்ள ஆட்கள் மாதிரி, ஒருவர் இல்லாவிட்டால் படம் இல்லை.

மற்ற ஓவியர்கள் ஒன்னகத்தாவை இளம்பெண்ணாகவே வரைந்துவிடுவார்கள். ஷராகு அப்படிச் செய்யவில்லை. பெண்ணின் கொண்டையும் உடுப்பும் இருக்கின்றன. நடுவில் ஒடுங்கிய கண்களோடு ஓர் ஆணின் நீண்ட முகம். அளவுக்கு மீறி உள்ளதை உள்ளபடி வரையப் போனதால்தான் அவர் நிலைக்கவில்லை என்று அந்தக் காலத்திலேயே ஒருவர் எழுதிவைத்திருக்கிறார். பத்தே மாதத்தில் நூற்று நாற்பதுக்கு மேல் படங்கள், அதோடு சரி. ஆள் யார் என்பதில் இன்னும் விவாதம் நடக்கிறது.

அவர் நடிகர்களைக் கேலி செய்தார் என்று சிலர் சொல்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. சின்ன வயதில் விளக்கு வெளிச்சத்தில் நீங்கள் கூத்தில் பாஞ்சாலி வேஷத்துக்கு அரிதாரம் பூசும்போது பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவள் நான். மீசை மழித்த பச்சை உதட்டுக்கு மேலே கடைசிவரை கொஞ்சம் தெரியும். ஆனால் சபையில் துகில் உரியும்போது நீங்கள் அலறினால் ஊரே அழும். அந்த இரண்டையும் ஒரே முகத்தில் பார்த்தவர்தான் இப்படி வரைய முடியும்.

அப்புறம் கின்சாவில் கபுகிசா அரங்குக்கும் போனேன். ஒரு காட்சிக்கு மட்டும் டிக்கெட் உண்டு, நாலாவது மாடியில் உட்கார வேண்டும். நடிகர் கண்ணை உருட்டி அப்படியே சிலையாக நின்ற நொடியில், மேலேயிருந்து ஒருவர் அவருடைய வம்சப் பெயரைச் சொல்லிக் கத்தினார். எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது.

அந்தக் காலத்தில் இங்கே நாடகம் பார்த்த சனங்கள் பிடித்த நடிகரின் படத்தைக் கடையில் வாங்கி வீட்டில் வைத்துக்கொண்டார்கள். உங்களுக்குப் பாஞ்சாலி வேஷத்தில் ஒரு போட்டோகூட இல்லை. அது என்னை உறுத்திக்கொண்டே இருக்கிறது. கூந்தலை எந்தப் பக்கம் விரித்துவிடுவீர்கள், நெற்றியில் என்ன எழுதுவீர்கள், புடவை என்ன நிறம், எல்லாவற்றையும் அம்மாவிடம் சொல்லுங்கள், எழுதி அனுப்பட்டும். தோமிசாபுரோவின் படம் போட்ட அஞ்சலட்டை ஒன்றை இதோடு வைத்திருக்கிறேன். கண்ணாடி போட்டுக்கொண்டு பாருங்கள்.

உங்கள் அன்புப் பேத்தி