மூளை மருத்துவர்களுக்கு: ‘டென்ஷன் ஆகாதீங்க’ போதாது

வணக்கம் டாக்டர்களே,

மூளை ரத்தக்குழாயில் அனியூரிசம் (சுவர் மெலிந்து பலூன் போல உப்பிய இடம்) இருக்கிறது, சின்னதுதான், இப்போதைக்கு ஆபரேஷன் வேண்டாம் என்று சொல்லி அனுப்பும்போது ‘டென்ஷன் மட்டும் ஆகாதீங்க’ என்று ஒரு வரியும் சேர்க்கிறீர்கள். வீட்டில் அது சட்டமாகிவிடுகிறது. பிள்ளைகள் சத்தம் போடக்கூடாது, கெட்ட செய்தி காதில் விழக்கூடாது, அப்புறம் என்றைக்காவது அது வெடித்துவிட்டால் அன்று காலை அவரோடு சண்டை போட்டது யார் என்று குடும்பமே தேடுகிறது. அகப்பட்டவர் ஐசியு வாசலில் குற்றவாளியாக நிற்கிறார்.

கோபத்துக்குப் பங்கே இல்லை என்று நான் சொல்லவில்லை. நெதர்லாந்தில் அனியூரிசம் வெடித்த 250 நோயாளிகளிடம் கேட்டு 2011இல் வெளியிட்ட ஆய்வு எட்டுத் தூண்டுதல்களைச் சொல்கிறது: காபி, கோலா, கடும் உடற்பயிற்சி, மூக்குச் சிந்துவது, உடலுறவு, மலம் கழிக்க முக்குவது, திடுக்கிடுவது, கோபம். திடுக்கிட்ட சற்று நேரத்துக்கு ஆபத்து 20 மடங்குக்கும் மேல் ஏறுகிறதாம். பயமாகத்தான் இருக்கிறது. ஆனால் மொத்த வெடிப்புகளில் திடுக்கிடலின் பங்கு 2.7 சதவீதம், கோபத்தின் பங்கு 1.3, காபிக்கோ 10.6. திடுக்கிடுவது எப்போதோ ஒருமுறை நடப்பது, காபி தினமும் குடிப்பது, அதனால்தான் இந்தக் கணக்கு. அதுவும் கேள்விகளுக்குப் பதில் சொல்லும் நிலையில் இருந்தவர்களின் ஞாபகத்தை நம்பிய ஆய்வு.

முக்குவதன் பங்கு 3.6, கோபத்தைவிட அதிகம். மலச்சிக்கலுக்கு மருந்து எழுதுவது, ஒருவரைக் கோபப்படாமல் இருக்க வைப்பதைவிட எவ்வளவோ சுலபம், ஆனாலும் யாரும் அதைப் பேசுவதில்லை (வெட்கம் போலிருக்கிறது). குளிர்காலத்தில் வெடிப்பு அதிகம் என்று சில ஆய்வுகள் சொல்கின்றன, வேறு சில மறுக்கின்றன, அதை வைத்து யாரையும் பயமுறுத்த வேண்டாம்.

ஒரு நிமிடச் சண்டை ரத்த அழுத்தத்தை ஏற்றலாம், ஆனால் அந்தச் சுவர் மெலிந்தது அன்றைக்கு இல்லை. வருஷக்கணக்கான சிகரெட்டும், கட்டுப்படாத பிரஷரும், பரம்பரையும் அதற்குக் காரணம். இதைச் சண்டை போட்டவரிடம் நீங்களே சொல்லுங்கள், நாங்கள் சொன்னால் ஆறுதல் பேச்சு என்று நினைக்கிறார்கள்.

பெரியவர்களில் 100க்கு 3 பேருக்கு இது இருக்கிறது, பெரும்பாலும் வெடிப்பதே இல்லை. அதையும் முதல் நாளே சொல்லுங்கள். கூடவே சிகரெட்டை விடச் சொல்லுங்கள், பிரஷர் மாத்திரையை நிறுத்தாதே என்று கண்டிப்பாகச் சொல்லுங்கள். இதுவரை வராத மாதிரி ஒரு தலைவலி நொடியில் உச்சத்துக்குப் போனால் தைலம் தேய்த்துப் படுக்காமல் உடனே ஆம்புலன்ஸைக் கூப்பிட வேண்டும், வெடித்த இடம் மறுபடி கசியும் ஆபத்து முதல் 24 மணி நேரத்தில்தான் அதிகம் என்பதைச் சீட்டிலேயே பெரிய எழுத்தில் எழுதிக் கொடுங்கள்.