எதற்காக நடக்கிறாய் என்று கேட்டார்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

மனநலத்துக்கு நிதி திரட்ட நடந்த நடைப்பயணம் பற்றிய செய்தியை உங்கள் நாளிதழில் படித்தேன். எத்தனை பேர் வந்தார்கள், யார் கொடியசைத்தார் என்பதெல்லாம் இருந்தது. சேர்ந்த பணம் எங்கே போகிறது என்பதற்கு ஒரு வரிகூட இல்லை. போன நவம்பரில் நானும் இப்படி நடந்தவள் என்பதால் எழுதுகிறேன்.

2003இல் ஆஸ்திரேலியாவில் மீசை வளர்ப்பதில் தொடங்கி, இப்போது ஆண்களின் உடல்நலத்துக்கும் மனநலத்துக்கும் நவம்பர்தோறும் நிதி திரட்டும் மூவெம்பர் இயக்கத்தில், மீசைக்குப் பதிலாக மாதம் முழுக்க 60 கி.மீ. நடந்தும் நிதி திரட்டலாம். உலகில் ஒவ்வொரு மணி நேரமும் 60 ஆண்கள் தற்கொலையால் இறக்கிறார்கள் என்பதால் வைத்த எண் அது. நாளுக்கு 2 கி.மீ. தான். முட்டிவலிக்காரியான என்னாலும் முடிந்தது.

பணம் கேட்பதுதான் கஷ்டமாக இருந்தது. எதற்காக நடக்கிறாய் என்று கேட்டால் பதில் சொல்ல வேண்டுமே! என் தம்பிக்கு ஆறு வருடமாக மனச்சோர்வு. 'உடம்பு சரியில்லை' என்றே சொல்லி வந்த குடும்பம் எங்களுடையது. அவனிடமே கேட்டேன். "சொல்லுக்கா, பரவாயில்லை" என்றான். முதலில் சித்திக்குப் போன் செய்து சொன்னேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம், "உங்க சித்தப்பாவும் கடைசி வரைக்கும் இப்படித்தான் இருந்தார், நான் யாரிடமும் சொல்லலை" என்றார். நோட்டில் ஒரு பக்கம் நடந்த தூரம், மறுபக்கம் பணம் தந்தவர் பெயர் என்று எழுதி வந்தேன். மாதம் முடிவதற்குள் அந்தப் பெயர்களில் பதினொரு பேர் தங்கள் வீட்டுக் கதையை என்னிடம் சொல்லிவிட்டார்கள். வந்த பணத்தைவிட இது பெரிது.

தம்பியும் என்னோடு வருவதாகச் சொல்லியிருந்தான். முதல் வாரம் வாசலில் உட்கார்ந்து ஒரு ஷூவின் லேஸைக் கட்டுவான், மற்றதைக் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருப்பான், பிறகு உள்ளே போய்விடுவான். நான் எதுவும் சொல்லவில்லை. ஒன்பதாம் நாள் தெருமுனை வரை வந்தான். மாதக் கடைசியில் கூட்டிப் பார்த்தால் 14 கி.மீ. பக்கத்தில் நடக்கும்போது முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை. அதனாலோ என்னவோ, வீட்டில் வாய் திறக்காதவன் ரோட்டில் பேசினான்.

அந்தச் சமயத்தில் ஒரு நிகழ்ச்சி மேடையில், தினமும் ஓடினால் மனநோய் ஓடிப்போகும் என்று ஒருவர் பேசினார். வீட்டுக்கு வந்ததும், "மாத்திரையை நிறுத்திடட்டுமா அக்கா?" என்று தம்பி கேட்டான். எனக்குப் பகீரென்றது. வாரம் 150 நிமிடமாவது உடலை அசைக்கச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். நடந்தால் தூக்கம் வருகிறது, மனம் லேசாகிறது, மனச்சோர்வின் அறிகுறிகளும் குறைகின்றன. சரி, ஆனால் மருத்துவர் தந்த மாத்திரைக்கு அது மாற்றாகிவிடாது. படுக்கையிலிருந்து எழவே விடாத நோய் இது. அப்படிப்பட்டவரிடம் ஓடு என்றால், ஓட முடியாததும் தன் தப்பு என்று நினைத்து இன்னும் ஒடுங்கிப்போவார்.

நிகழ்ச்சி நடத்துபவர்கள் 10 கி.மீ. பாதையோடு அரை கிலோமீட்டர் பாதையும் வைக்க வேண்டும், நடுவில் உட்கார நாற்காலியும் போட வேண்டும். டி-ஷர்ட்டுக்கும் பதக்கத்துக்கும் மேடைக்கும் போனது எவ்வளவு, உதவி எண்ணில் அழைப்பை எடுப்பவர்களின் பயிற்சிக்கோ மருந்து வாங்க முடியாதவர்களுக்கோ போனது எவ்வளவு என்று பணம் தந்தவர்களுக்குக் கணக்குக் காட்ட வேண்டும்.

உங்களிடமும் ஒரு வேண்டுகோள். அக்டோபர் 10, உலக மனநல நாள். 1992 முதல் கடைப்பிடித்து வருகிறார்கள். அன்று ஓட்டம், நடை என்று நிறைய நடக்கும். உங்கள் நிருபர் அந்தக் கணக்கைக் கேட்கட்டும், மூன்று மாதம் கழித்து இன்னொரு முறையும் கேட்கட்டும். செய்தியின் அடியில் உதவி எண்ணையும் போடுங்கள். என் சித்தி மாதிரி ஒருவர் அதைக் கத்தரித்து எடுத்து வைத்துக்கொள்வார்.

இப்படிக்கு,
உங்கள் நீண்ட நாள் வாசகி