மாட்டுக்கு இழப்பீடு உடனே வந்தால் புலி பிழைக்கும்

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்.

புலி பற்றிச் செய்தி வரும்போதெல்லாம் எண்ணிக்கை கூடியதுதான் பெரிதாக வருகிறது. கூடியது உண்மைதான். 2013-இல் புலிகள் காப்பகமான எங்கள் சத்தியமங்கலம் காடு, 2010-க்குப் பிறகு புலிகளை இரண்டு மடங்காக்கியதற்காக 2022-இல் சர்வதேச விருதே வாங்கியது. எங்களுக்கும் பெருமைதான். ஆனால் வளர்ந்த ஆண் புலி தனக்கென்று ஒரு எல்லை தேடி வெளியே வரும், வயதானதையும் அடிபட்டதையும் பலமுள்ள புலி துரத்திவிடும், அப்படி ஒதுங்குவதெல்லாம் தாளவாடி, கடம்பூர் பக்கம் காட்டோரத்து மாட்டுப்பட்டிக்குத்தான் வந்து சேருகிறது.

துப்பாக்கியைவிட எனக்குப் பயம், வயலில் பூச்சிக்குத் தூவும் குருணை மருந்து மேல்தான். அடித்த மாட்டைப் புலி ஒரே தடவையில் தின்று முடிக்காது, மறுநாளும் அதற்கடுத்த நாளும் அதே இடத்துக்கு வரும். மாடு போன ஆத்திரத்தில் யாராவது மருந்தைத் தூவிவிட்டால் அதோடு முடிந்தது. தாய்ப்புலியாக இருந்தால் குட்டிகளும் போச்சு, ஒன்றரை வயது வரைக்குமாவது அவை தாயை நம்பித்தான் இருக்கும். மாயாற்றுப் பள்ளத்தாக்கில் மிச்சமிருக்கிற பாறு கழுகுகள் அந்த இறைச்சியில் இறங்கினால் அவையும் தப்பாது. 2023 செப்டம்பரில் நீலகிரி அவலாஞ்சியில் இரண்டு புலிகள் செத்ததும் விஷம் வைத்த மாட்டைத் தின்றுதான்.

விஷம் வைப்பது குற்றம், தண்டனை கொடுக்கத்தான் வேண்டும். அப்புறம், சொசைட்டிக்கு ஊற்றும் பாலில் குடும்பம் நடத்துகிறவனின் கறவை மாட்டைப் புலி அடித்துவிட்டால் அவன் என்ன செய்வான் என்பதையும் பாருங்கள். கால்நடை டாக்டர் வந்து பிரேதப் பரிசோதனை செய்து சான்று தர வேண்டும், வனத்துறை அறிக்கை வேண்டும், அந்தக் காகிதம் மேலே போய்ப் பணம் இறங்குவதற்குள் தீவனக் கடையில் கடன் ஏறிவிடும். மேய்ச்சலுக்குப் போன இடத்தில் அடித்தது என்றால் காட்டுக்குள் விட்டது உன் தப்பு என்ற பேச்சு வேறு. புலி மேல் கோபம் அங்கேதான் முற்றுகிறது.

காட்டுப்பன்றிக்கென்று வரப்போரம் பைக் கிளட்ச் வயரில் சுருக்கு வைக்கிறார்கள், அதில் புலியும் சிறுத்தையும் மாட்டும் ஆபத்து இருக்கிறது. காட்டுக்குள் உண்ணிச்செடி மண்டிப் புல் போய்விட்டால் மானும் அங்கே நிற்காது. இதெல்லாமும் ஆபத்துதான், ஆனால் உடனே செய்யக்கூடியது இழப்பீட்டு வேலை.

2022 பிப்ரவரியிலிருந்து திம்பம் மலைப்பாதையில் ஐகோர்ட் உத்தரவுப்படி இரவுப் போக்குவரத்துக்குத் தடை இருக்கிறது. காய்கறி ஏற்றுகிறவர்களுக்கும் அவசரமாகக் கீழே போக வேண்டியவர்களுக்கும் சிரமம்தான், ஆனாலும் காட்டு உயிர்களுக்காக அனுசரித்து வருகிறோம். பதிலுக்கு நாங்கள் கேட்பது பெரிதில்லை. மாடு அடிபட்ட அன்றே டாக்டர் வரட்டும், அந்த வாரத்துக்குள் பாதித் தொகையாவது வங்கிக் கணக்கில் ஏறட்டும், மிச்சம் காகிதம் முடிந்த பிறகு வரட்டும். புலி திரும்ப வரும் அந்த இரண்டு மூன்று நாளும் செத்த மாட்டுக்கு வேட்டைத் தடுப்புக் காவலர்களைக் காவல் போட வேண்டும்.

எங்கள் பக்கத்து ஊர்களில் எத்தனை மாட்டுக்கு இழப்பீடு பாக்கி, எவ்வளவு நாளாகப் பாக்கி என்று உங்கள் நிருபர் விசாரித்து ஊர் வாரியாக வெளியிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
மாடு வளர்க்கும் வாசகர் ஒருவர்,
தாளவாடி வட்டம், ஈரோடு மாவட்டம்.